நியாஸ் நம் வீட்டில் இருந்தான்

தம்பி,

இதைக் கையில் வாங்கியதும் முதலில் எங்காவது உட்கார்ந்துகொள். நியாஸ் உயிரோடு இருக்கிறான். அவன் உடம்பில் ஒரு காயமும் இல்லை. வீட்டை விட்டு ஓடியவன் நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தான். நான்கைந்து நாள் நம்மோடு இருந்தான். இப்போது இங்கே இல்லை. இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். புதன்கிழமை நீ சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "நியாஸ் எங்கப்பா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டபோது, தெரியாது என்றேன். அப்போது அவன் உன் அறையில் உன் கட்டிலில் படுத்திருந்தான். ஃபோனில் அதைச் சொல்ல எனக்குப் பயம். "அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுட்டேன், நான் வரேன்" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். அதனால்தான் நம் குடியிருப்புத் தாமானிலிருந்து உன் ஃபேக்டரிக்குத் திரும்பும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வராதே, தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வராதே என்று எழுதுகிற கை இது. எப்படி எழுதுகிறது என்று எனக்கே புரியவில்லை. நியாஸின் தாய்மாமா நம் ஊர் யோங் பெங் பஸ் நிலையத்தில் ஆள் வைத்திருக்கிறார். "உங்க மகன் இந்த ஊர்ல கால் வெக்கட்டும், அன்னிக்கே போலீஸ்ல ரிப்போர்ட் அடிக்கிறேன். படம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தப் படம் ஒரு வழக்குக்குத் தாங்குமா, தாங்காதா, எனக்குத் தெரியாது. நான் சட்டம் படித்தவன் இல்லை, ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன். ஆனால் விசாரணை என்று உன்னை இரண்டு நாள் உள்ளே வைத்தால் போதும், உன் பெயர் வெளியே வந்துவிடும். லாக்கப்பில் இருப்பவர்கள் நீ எதற்காக வந்தாய் என்று கேட்பார்கள். அதை நினைத்தாலே ஸ்டியரிங்கில் என் கை வேர்த்து வழுக்குகிறது.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பல முறை யோசித்திருக்கிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து, வேர்வை காயாமல், திடலோரத்துப் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவன் தலை உன் தோளில் சாய்ந்திருக்கிறது. உன் விரல்கள் அவன் விரல்களுக்குள் இருக்கின்றன. இரண்டு பேரும் கேமராவைப் பார்க்கக்கூட இல்லை. பதினாறு வயது. உன் வகுப்புப் பையன்கள் உன் ஃபோனைப் பிடுங்கி அதைக் கண்டுபிடித்து, நீங்கள் ஒருவருக்கொருவர் எழுதியதையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் என் பஸ்ஸில் ஏறிய பெண்கள்கூடப் பார்த்திருந்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மறுநாள் நீ வீட்டுக்கு வந்தபோது உன் பையில் வெள்ளை மையால் 'பொண்டான்' என்று, பொட்டை என்கிற அந்த மலாய் ஏச்சை, பெரிதாக எழுதியிருந்தார்கள்.  உங்கம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, துணியே கிழியும்வரை தேய்த்தாள். எழுத்து மங்கியது, போகவில்லை. இத்தனை வருடமாக அவள் உன்னிடம் காட்டிய கோபத்தை நீ நினைக்கும்போது, இதையும் பக்கத்தில் வைத்து நினை.

பள்ளியில் உன்னை மட்டும் அழைத்து, "இது தொற்று மாதிரி, மத்த மாணவர்களுக்கும் பரவும்" என்று கட்டொழுங்கு ஆசிரியர் சொன்னாராம். தொற்று வந்தவனைப்போல நீ தலையைக் குனிந்து நின்றாயாம். யாரோ ஒரு பெற்றோர் போலீஸ் வரை போகப்போவதாகச் சொல்ல, நானும் நியாஸின் அத்தாவும் பயந்துபோய் நாங்களே போலீஸ் நிலையத்துக்குப் போனோம். பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் ரொட்டிச்சானாய் கடை வைத்த நாளிலிருந்து நான் அங்கேதான் இழுத்து ஆற்றிய தேத்தாரே டீ குடிக்கிறேன். இருவரும் ஒருநாளும் வாய்ச்சண்டைகூடப் போட்டதில்லை. போலீஸ் நிலையத்தில் இருந்த மலாய் அதிகாரி நல்ல மனுஷர். படத்தைப் பார்த்தார். "இதுல ஒண்ணுமில்லை, பாக்சிக். ஆனா யாராவது வேற மாதிரி எழுதிக் கொடுத்தா, சட்டப்படி சிறை இருக்கு, பிரம்படி இருக்கு. பையன்களைப் பிரிச்சு வையுங்க" என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். நியாஸின் அத்தா மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "உங்க புள்ளைக்கு ஒரு சட்டம்தான். எம்புள்ளைக்கு ரெண்டு, ஷரியா கோர்ட்டும் இருக்கு. இங்க தப்பிச்சாலும் அங்க மாட்டுவான். நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது அவனை?" என்று கேட்டார்.  அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

நாம் மட்டும் என்ன செய்தோம்? உங்கம்மா உன்னை உபவாச ஜெபத்துக்கு அழைத்துப்போனாள். நானும் வந்தேன். சபையார் உன் தலையில் கை வைத்து அழுத்தி, வெளியே வா, வெளியே வா என்று கத்தினார்கள். சோறு தண்ணி இல்லாமல் நீ மயங்கி விழுந்ததும், ஆவி போகிறது என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரில் தண்ணீர் குடித்ததும் நீ கேட்டது ஒன்றுதான். "போயிடுச்சாப்பா?" போகவேண்டியது ஒன்றுமே இல்லை என்று அப்போது உனக்குச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. "தூங்குப்பா" என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன். உனக்குள்ளிருந்து போகவேண்டியது எதுவும் இல்லை. யார் எந்தப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னாலும், எந்த மொழியில் சொன்னாலும் நம்பாதே.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன்னை லாயாங் லாயாங் ஊரில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தேன். நியாஸைப் பள்ளியை விட்டு நிறுத்தி, வெளிமாநிலத்தில் திருத்தும் இடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அவன் மாமாவின் ஏற்பாடு அது. பதினெட்டு முடிந்ததும் நீ சிங்கப்பூர் போனாய். போகிறதற்கு முன்தினம் சாப்பாட்டு மேசையில் உங்கம்மா, "மாறிட்டியா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றாய். "மாறினதும் வா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனதும், அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு பேரும் பேசாததும் என்னை எவ்வளவு தின்றது என்று உங்கள் இருவருக்குமே தெரியாது. நான் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு பொய்யும் அந்தப் பக்கம் ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மா உன்னை விசாரிச்சாங்க" என்று நான் சொன்னதில் பாதி பொய்.

இனி நியாஸ். செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம். உங்கம்மா தாடிகா பாலர்பள்ளியில் பாடம் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் இரவு ஷிப்ட் ஓட்டிவிட்டுப் படுத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பையன் செருப்பில்லாமல் நிற்கிறான். எழுந்து வந்து பார்க்கிறேன், நியாஸ். அடையாளமே தெரியவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை மாதிரி இல்லை. உன்னோடு பேசியதை மாமா ஃபோனில் பார்த்துவிட்டாராம். மறுபடியும் அந்த இடத்துக்கு அனுப்ப எல்லாம் பேசி முடித்தாகிவிட்டதாம். கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவப் போகிறவன் போலப் போய், அப்படியே செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கி நடந்து வந்திருக்கிறான். உங்கம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே விடமாட்டாளோ என்று பயந்தேன். "அலமாக், காலப் பாரு" என்றாள். போய் வெந்நீர் வைத்தாள்.

அவன் உன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஜன்னல் திரையை ஒரு விரற்கடைகூட விலக்க மாட்டான். மெதுவாகத்தான் பேசினான், அதுவும் நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால்தான். அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அங்க யாரும் அடிக்கல அங்கிள். தினம் காலைல எழுந்து நின்னு, நான் யாரு, என்ன பாவம் பண்ணேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும். சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்காமப் போச்சு. அப்புறம் யாரோட இருந்தேன்னு கேப்பாங்க. பேரு கொடுத்தா சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புறோம்னாங்க." நான் அவன் முகத்தையே பார்த்தேன். "கொடுக்கல அங்கிள். மாமாவும் குடும்ப மானம்னு படத்தைப் பத்தி அங்க மூச்சு விடல. அவங்ககிட்ட அவன் பேரு இல்ல." இதைச் சொல்லும்போது மட்டும்தான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தம்பி, ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அவன் முன்னாடியே வந்திருப்பான். உன்னை நேசிப்பவர்கள் யார் என்று என்றைக்காவது உனக்குச் சந்தேகம் வந்தால் இதை நினைத்துக்கொள்.

சந்தேகம் வராமல் இருக்க நான் வழக்கம்போல அவன் அத்தா கடைக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று பேச்சு வரும். மாமா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. "உங்க மகன் வந்தானா?" என்று கேட்டு, நான் முன்னால் சொன்ன மிரட்டலை அப்போதுதான் சொன்னார். அத்தா தேத்தாரேயை அவரே ஆற்றிக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மேசையைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, உதடு அசையாமல் கேட்டார்.

"சாப்ட்டானா?"

 "சாப்ட்டான்" என்றேன்.

"என்ன?"

"டீச்சர் ரசம் வெச்சா."

"ரசம் பிடிக்காது அவனுக்கு" என்றார். துணியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. தெரிஞ்சா என் வாயால வந்திடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மனைவி, மைத்துனர், பள்ளிவாசல், கடைக்கு வருகிறவர்கள், எல்லோருக்கும் நடுவில் மகனைப் பற்றி அவரால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். அவரை நீ வெறுக்காதே. அவரும் என்னைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா நம் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட இரண்டு பேர். நான் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் உங்கம்மா கேட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள் அவள். மாமாவின் சின்ன மகள்கூட அவளிடம்தான் படித்தாள். அவர் குரலைத் தாழ்த்தி மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எங்க அக்கா மவன் உள்ள இருக்கானா?"

"இல்ல."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"உங்க பைபிள் மேல கை வெச்சுச் சொல்லுவீங்களா?"

முடிந்தது என்று நினைத்தேன். உங்கம்மாவை உனக்குத் தெரியும். விளையாட்டுக்குக்கூட சத்தியம் பண்ணாதவள். நீ சின்னப் பிள்ளையில் 'சாமி சத்தியமா' என்று சொன்னதற்கு உன் வாயிலேயே ஒன்று போட்டவள். அவள் உள்ளே போனாள். டிவி பக்கத்திலிருந்து பைபிளை எடுத்து வந்தாள். கேட்டின் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் பார்க்கும்படி மேலே உள்ளங்கையை விரித்து வைத்தாள். "இந்த வீட்ல எம் புருஷனும் நானும் மட்டும்தான் இருக்கோம்" என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் பூட்டைப் போட முயற்சி செய்தாள், சாவி துவாரத்தில் ஏறவில்லை. நான் வாங்கிப் பூட்டினேன். சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

நியாஸ் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். முதல் முறையாக அறையை விட்டு வெளியே வந்தான். "ஆன்ட்டி, எனக்காக நீங்க போய்..."  அவள் திரும்பாமலே, "முட்டை பொரிக்கட்டா, ரசம் உனக்குப் புடிக்காதாமே" என்றாள். அன்று சாயங்காலம் அவன் என்னிடம் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவ ஆன்ட்டிய அப்படிச் சொல்ல வெக்க மாட்டேன் அங்கிள். என்னை எங்கயாச்சும் ரயில் ஏத்திவிடுங்க." கோலாலம்பூரில் இப்படி வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் அக்கா ஒருவரைத் தெரியுமாம். பெயரைச் சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்குத் தெரியாவிட்டால்தான் யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல முடியும்.

யோங் பெங்கில் பஸ் ஏற்ற முடியாது. அதனால் சனிக்கிழமை காலை லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்குக் காரில் போனோம். ஊரைத் தாண்டும்வரை அவன் பின்சீட்டில் படுத்தபடியே வந்தான். உங்கம்மாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உன் கறுப்பு ஜாக்கெட்டும் உன் பழைய சப்பாத்தும் அவன் போட்டிருந்தான். சப்பாத்து ஒரு அளவு பெரிது. ஸ்டேஷனில் மூன்று பேரும் ஒரு குடும்பம் போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடுவார்களோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "வரவேணாம்னு சொல்லுங்க. நான் ஒரு இடத்துல நின்னதும் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் ஒழுங்கா வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்றான். ரயில் வந்தது. உங்கம்மா அவன் தலையில் கை வைத்தாள். சபையில் உன் தலையில் அழுத்தினார்களே, அப்படி இல்லை. தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அவன் ஏறிப் போய்விட்டான். இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை. போய்ச் சேர்ந்தானா, யாராவது பிடித்துக்கொண்டார்களா, சாப்பிட்டானா, எதுவும் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நீ இப்போது கொதித்துக்கொண்டிருப்பாய். ஒளிந்து வாழச் சொல்லிக் கொடுக்கிற அப்பா என்ன அப்பா என்று கேட்பாய். கேள். ஆனால் ஒளிந்துகொள். என்றைக்காவது எல்லைப் பாலத்தைத் தாண்டும்போது ஃபோனில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. ரூமில் கூட இருப்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாதே. சாப்பாட்டை விடாதே. தாங்க முடியாத நேரம் வந்தால், எந்த நேரமானாலும், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாலும் என்னைக் கூப்பிடு, ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறேன். நீ எதற்கும் வெட்கப்பட வேண்டாம். ஆனால் பயப்படு. வெட்கமும் பயமும் வேறு வேறு. வெட்கம் நீ இல்லாமல் போனால் நல்லது என்று சொல்லும். பயம் உன்னைக் காப்பாற்றும். இந்தச் சட்டங்கள் மாறுமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியவில்லை. அது மாறும் நாளில் நீ இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. இன்று ஞாயிறு, சபையில் திருவிருந்து. எல்லோரும் எழுந்து அப்பம் வாங்க முன்னால் போனார்கள். உங்கம்மா எழவில்லை. வாசலில் பாஸ்டர் கேட்டதற்கு, "இந்த வாரம் வேணாம் பாஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். காரில் வரும்போது தானாகவே பேசினாள். "பொய் சத்தியம் பண்ணின கையை நீட்டி வாங்க முடியல. ஆனா நாளைக்கு வந்து கேட்டாலும் அதேதான் சொல்வேன். கர்த்தர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உன் நம்பரைக் கேட்டாள். இந்தக் கடிதம் முதலில் உன் கைக்குப் போகட்டும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் முழுதும் மாறிவிட்டாள் என்று உனக்கு நான் ஆசை காட்டமாட்டேன். அவள் என்ன பேசப்போகிறாள் என்று எனக்கே தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது. நீ எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, தம்பி.

அப்பா